பதினான்கு வீட்டுக்காரி

ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒரே காலையில் காணாமல் ஆக்கியவள் நான். மண்சரிவாலும் முடியாத அந்தக் காரியத்தை, டிப்ளோமா முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பெண், மடிக்கணினியோடு வந்து பத்து நிமிடத்தில் செய்து முடித்தாள். இதை எழுத எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது. சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் முடிகிறதென்று பார்க்கிறேன்.

நான் வேலை பார்த்த கம்பெனிக்கு மலைநாட்டில் ஏகப்பட்ட தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் ஒரு பழைய கணினி, அதற்கென்று ஓர் அலமாரி, அலமாரிக்கு ஒரு பூட்டு, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் ஒரு தகராறு. யார் எந்த லயத்தில், அதாவது தொழிலாளர்களின் எந்த வரிசை வீட்டில், இருக்கிறார்கள், எந்த வருடம் பேர் பதிந்தார்கள், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. மழைக்கு மின்சாரம் போனால் பெட்டியும் படுத்துவிடும். கொழும்புத் தலைமையகத்துக்கு ஒரு விவரம் வேண்டுமென்றால், தோட்டத்துக்குப் போன் எடுத்து யாரையாவது வாசிக்கச் சொல்ல வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் க்ளவுட்டுக்கு மாற்றுவது என்று மேலிடம் முடிவு செய்தது. தோட்டத்துப் பெட்டிகளை மூடிவிட்டு, விவரங்களை வெளியே எங்கோ இருக்கும் பெரிய கணினிகளில் வைத்துவிட்டால், எந்த ஊரிலிருந்தும் திறந்து பார்க்கலாம். (நம் மலையில் இல்லாத மேகமா என்ற கிண்டலை அந்த வருடம் எல்லோரும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். நான் சொல்லப் போவதில்லை.)

இப்படி மாறுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு தோட்டத்தில் செய்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு மாதமாவது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பழையதில் கை வைக்கலாம். மூன்று நாள் பயிற்சியில் இதைச் சொல்லித் தந்தார்கள். நான் குறிப்பெடுத்து, சிவப்பில் அடிக்கோடும் போட்டேன். போட்டதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

முதல் தோட்டமாக, நோர்வூட்டுக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தையே தேர்ந்தெடுத்தார்கள். கணினிப் பிரிவில் லயத்திலிருந்து போனவள் நான் ஒருத்திதான். "உங்க ஆட்கள், உங்களுக்குத்தானே தெரியும் சுகந்தி" என்றார் என் மேலதிகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. (பஸ்ஸில் அதை யாரும் கேட்கவில்லை. ஹட்டனிலேயே சுவெட்டருக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.)

தோட்டத்தில் அப்போது எல்லோரும் வேறொன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்து, இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அங்கிருந்த பதினான்கு குடும்பங்கள் பிள்ளை மடுவத்துக்கு வந்துவிட்டன. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம் அது. சேலைகளைத் தடுப்பாகக் கட்டி, சிமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். என் சித்தி புஷ்பமும் சித்தப்பா ராமையாவும், சுவரில் முயல் படம் வரைந்திருந்த மூலையில் இருந்தார்கள். சித்தப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் முப்பது வருடம் நின்றவர். மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும்.

அந்தப் பதினான்கு குடும்பங்களுக்கும் அரசாங்கம் தனி வீடு கட்டித் தர ஒப்புக்கொண்டிருந்தது. யார் யாருக்கு என்ற பட்டியலைத் தோட்டம் தர வேண்டும். மாத முடிவுக்குள் தந்தால் அந்தச் சுற்றிலேயே வீடு. புதிய முறையைத் தொடக்கி வைக்கும் நாளில், எல்லோர் முன்னாலும் அந்தப் பட்டியலை க்ளவுட்டிலிருந்து எடுத்து வீடமைப்பு உத்தியோகத்தரிடம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. வேறு யாருக்கு வரும், எனக்குத்தான்.

"புது வீட்டுக்கு எத்தன ஜன்னல் புள்ள?" என்று சித்தப்பா கேட்டார்.

"மூணு சித்தப்பா."

"மூணா?" என்று சித்தியைத் திரும்பிப் பார்த்தார். "ஒன்ன எந்நேரமும் தொறந்தே வச்சிரணும்."

புதிய முறைமையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு தொலைபேசி இலக்கம் கட்டாயம். நகரத்து ஆபீஸ்களை மனதில் வைத்துச் செய்தது அது. ஆளுக்கு ஒரு போன் இருக்கும் என்று அதைச் செய்தவர்கள் நம்பினார்கள். நான் காலையில் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்குமுன் எல்லோரும் வந்து நிற்கும் இடத்தில், மேசை போட்டு உட்கார்ந்தேன்.

"நம்பர் சொல்லுங்கக்கா."

"மகன் போனக் கொழும்புக்குக் கொண்டு போயிட்டான்."

"அப்ப மகன் நம்பரச் சொல்லுங்க."

"அவன் கூப்பிட்டாத்தான் உண்டு. நாங்க கூப்பிட்டதில்லையே."

இன்னொரு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று சிம் கார்டுகளை மேசையில் வைத்தார். "மூணுல ஒன்னு வேலை செய்யும். நீங்களே பாத்து எடுத்துக்கங்க" என்றார். அரை மணி நேரத்தில் நான் நான்கு இலக்கங்கள் எழுதியிருந்தேன். பின்னால் இருநூறு பேர் நின்றார்கள். துரை, அதாவது எங்கள் தோட்ட முகாமையாளர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வரிசையில் நின்ற சித்தி சொன்னார். "எதுக்குப் புள்ள ஒவ்வொருத்தங்ககிட்டயும் மல்லுக்கட்டுற? ஒன் நம்பரையே போட்டுக்க. எதுனா சேதி வந்தா நீ எங்களுக்குச் சொல்லமாட்டியா?"

இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. கிளினிக் அட்டையானாலும் பள்ளிக்கூட விண்ணப்பமானாலும், லயத்தில் படித்தவர் யாரோ அவருடைய இலக்கத்தைக் கொடுப்பதுதான் எங்கள் பழக்கம். அதுவரை கோயில் செயலாளரின் இலக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் என்னை வைக்கிறார்கள். அடுத்து வந்தவர் "எனக்கும் சுகந்தி நம்பரு" என்றார். அதற்கடுத்தவர் அதையும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு இருநூற்றுச் சொச்சம் பேருக்கு என் இலக்கத்தை அடித்துக்கொண்டே போனேன். முதல் ஆளாக, சோதனைக்காக, என்னையும் அதே இலக்கத்தில் பதிந்து வைத்திருந்தேன்.

விவரங்கள் க்ளவுட்டில் ஏறும்போது அந்த முறைமை ஒரு சுத்தம் செய்யும். ஒரே இலக்கத்தில் இரண்டு பதிவு இருந்தால், ஒரே ஆளைத் தவறி இரண்டு தரம் எழுதிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு ஒன்றாகச் சேர்த்துவிடும். இது எனக்குத் தெரியும். குறிப்பில் இருந்தது, சிவப்பு அடிக்கோட்டோடு. ஒரு மாதம் ஒத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். நம்ம தோட்டம்தானே, எனக்குத் தெரியாத ஆளா என்று அதை விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, விழாவுக்கு முதல் நாள் பழைய கணினியைத் துடைத்து அழித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கட்டி வைத்தேன். இனிமேல் கையெழுத்துப் பட்டியல் எதுவும் செல்லாது, முறைமையிலிருந்து எடுத்தது மட்டுமே செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை எழுதித் துரையிடம் கையொப்பமும் வாங்கி, வீடமைப்பு அலுவலகம் வரை அனுப்பி வைத்தேன். அதன் தமிழ் நன்றாக இருக்கிறதென்று எல்லோரும் சொன்னார்கள்.

விழா தொழிற்சாலையின் மேல்மாடியில் நடந்தது. கொழும்பிலிருந்து பொது முகாமையாளர் வந்திருந்தார். வீடமைப்பு உத்தியோகத்தர் கோப்போடு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் பதினான்கு குடும்பத்துப் பெரியவர்கள். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். சித்தி கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தார். நான் நாலு வார்த்தை பேசி, பொத்தானை அழுத்தினேன்.

திரையில் மொத்தத் தொழிலாளர்கள் ஐந்து என்று வந்தது.

"ஏறிக்கிட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றேன். பொறுத்தார்கள். ஐந்து ஐந்தாகவே இருந்தது. நாலு பேர் சொந்த இலக்கம் கொடுத்தவர்கள். ஐந்தாவது ஆள் யாரென்று திறந்து பார்க்கச் சொன்னார் பொது முகாமையாளர். திறந்தேன். என் பெயர் வந்தது. கணவர் என்ற இடத்தில் ஒரு பட்டியல் ஓட ஆரம்பித்தது. முருகையா, செல்லத்துரை, இன்னொரு முருகையா, அப்புறம் ராமையா. அது நிற்பதற்குள் பிள்ளைகளின் பட்டியல் ஆரம்பித்துவிட்டது. தோட்டத்திலுள்ள அத்தனை ஆண்களுக்கும் நான் மனைவி, அத்தனை குழந்தைகளுக்கும் தாய், எல்லா லயத்திலும் குடியிருப்பவள். (எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அம்மா பின்வரிசையில் இருந்தார். "இத்தன பேரு இருக்கப்ப நான் எதுக்குடி ஒன் சாதகத்தத் தூக்கிக்கிட்டு ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் அலையிறேன்?" என்று அன்று மாலை கேட்டார்.)

பதறிப்போய் வீட்டுப் பட்டியலுக்கான பொத்தானை அழுத்தினேன். பதினான்கு வீடு வந்தது. பதினான்கிலும் என் பெயர் இருந்தது.

உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இந்தப் பதினான்கு வீடும் இந்த மிஸ்ஸுக்கா என்று சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். துரை என்னைப் பார்த்தார். சித்தப்பா இருமி, மூச்சை இழுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அப்ப எங்கள வாடகைக்காச்சும் வச்சுக்குவியா சுகந்தி?"

மேல்மாடி முழுக்கச் சிரித்தது. துரைகூடச் சிரித்தார். அழுகையை அடக்க வேறு வழி தெரியாமல் நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் பழைய கணினியைத் திறக்கச் சொன்னார்கள். அது ரிப்பன் கட்டி மூலையில் இருந்தது. சரி, கையாலேயே எழுதிவிடலாம், பதினான்கு பேரும் எதிரில்தானே இருக்கிறார்கள் என்று துரை பேனாவை எடுத்தார். உத்தியோகத்தர் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். என் சுற்றறிக்கை. அவர் கெட்டவர் இல்லை. எழுத்தில் வந்ததை மீறினால் நாளைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். படியிறங்கும் வரை பின்னால் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

விவரங்களை மறுபடி சேர்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் மாத முடிவு தாண்டிவிட்டது. பெரட்டுக் களத்தில் அதே மேசை. ஒருவர்கூட ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த சுற்று ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த ஐந்து மாதமும் மழை. பிள்ளை மடுவத்தின் தரை காயவே இல்லை. குளிருக்கு ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். நாலாவது மாதம் ஒரு காலையில் சித்தப்பா தேத்தண்ணி கேட்டார். சித்தி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

நெஞ்சு எப்போதோ போய்விட்டது, எங்கே இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பல நாள் ஓட்டினேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் கடைசி நாலு மாதமும் அவர் அந்தச் சிமெந்துத் தரையிலேயே படுத்தது என்னால்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி வாங்கவில்லை. மற்றத் தோட்டங்களையும் நானே மாற்றினேன். ஒவ்வொன்றிலும் பழையதையும் புதியதையும் இரண்டு மாதம் சேர்த்து ஓட்டினேன். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒரு நாள் குறைக்கவில்லை. சுகந்தி மிஸ் ரொம்பத் தாமதம் என்று தலைமையகத்தில் பெயர் எடுத்தேன். அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் எனக்குப் பதினான்கு வீட்டுக்காரி என்று பெயர். கொழும்பில் நான் வாடகை அறை தேடி அலைந்தபோது, பதினான்கு வீட்டுச் சாவியும் எங்கே என்று அம்மா போனில் கேட்பார். ஆனால் கதையை முழுதாகச் சொல்வது சித்திதான். எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் யாராவது கேட்பார்கள், அவரும் ஆரம்பித்துவிடுவார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்து, முந்தைய கணவர்களின் பெயர்களை விரல்விட்டுச் சொன்னார். என் பேச்சு, துரையின் முகம், உத்தியோகத்தர் கண்ணாடி துடைத்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். கடைசியில் இருமி, மூச்சை இழுத்து, சித்தப்பா கேட்டதை அவர் குரலிலேயே கேட்பார். அதோடு கதை முடியும். அதற்குப் பிந்திய ஐந்து மாதத்தை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான், அவர் இருமும் இடம் வருவதற்குள் எழுந்து, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவேன்.

போன தீபாவளிக்கு, அந்த அடுத்த சுற்றில் சித்திக்குக் கிடைத்த வீட்டில்தான் கூடினோம். எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சித்தியிடம் கேட்டேன். "எம்மேல கோவமே வரலயா சித்தி?"

"வந்துச்சு" என்றார். "ஒரு வருசம் ஒன் மொகத்தப் பாக்கவே புடிக்கல."

"அப்புறம் எப்படி அதச் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க?"

அவர் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"சும்மா நெனச்சா அவரு கொரல் எனக்கு வரமாட்டேங்குது புள்ள. அதச் சொல்றப்ப மட்டும் வருது." கையிலிருந்த தட்டையும் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார். "அடுத்த தடவ நீ எந்திரிச்சுப் போயிடாத. ஒன்னப் பாத்துத்தானே அவரு கேட்டாரு."