குளத்துக் குட்டிக்கு மருந்து

ஒரு காட்டில் நிர்வாகம் ரொம்பவே முன்னேறியிருந்தது. சிங்கத்தின் முத்திரை இல்லாத மருந்தை அங்கே யாரும் குடிக்கக் கூடாது. முத்திரை உள்ளதைக் குடிக்காமலும் இருக்கக் கூடாது. அந்தக் காட்டில் செவந்தி என்ற மானின் குட்டிக்குக் காய்ச்சல் வந்தது.

நரி தயாரித்த மருந்துக்கு முத்திரை இருந்தது. சோதித்தது யானை. மூலக்கூறுகளை எடைபோடும் எந்திரம் அதனிடம்தான் இருந்தது.

“எடை கனகச்சிதம்,” என்றது யானை.

மின்மினி மட்டும் ஒப்பவில்லை. “அண்ணே, ஒரு ஜோடிச் செருப்புல ரெண்டுக்கும் எடை ஒண்ணுதான். கால் மாத்திப் போட்டா நடக்க முடியுமா? இந்த மூலக்கூறுலயும் இடது, வலதுன்னு ரெண்டு உண்டு. ஒண்ணு காய்ச்சலைத் தணிக்கும். அதோட கண்ணாடி பிம்பம் ஆளையே தணிச்சிடும்.”

“நான் செருப்பே போடறதில்லை,” என்றது யானை.

ஆனாலும் செவந்தி கண்ணீரும் கம்பலையுமாக நின்றதால் இரண்டும் சேர்ந்து சோதித்தன. மின்மினி ஒளியை வலப்பக்கம் முறுக்கி மருந்தின் மேல் அடித்தது. பிறகு இடப்பக்கம் முறுக்கி அடித்தது. ஒவ்வொரு தடவையும் உடைந்து விழுந்த துண்டுகளை யானை எடைபோட்டது.

“நல்ல மருந்து வலது முறுக்குக்குத்தான் அதிகமா உடையும். இது இடதுக்கு உடையுது,” என்றது மின்மினி. யானை வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டது.

சிங்கம் பொறுமையாகக் கேட்டது. “கண்டுபிடிப்பு பிரமாதம். ஆனா குத்தின முத்திரையை எப்படி அழிக்கிறது? மருந்தைக் கொடுங்க.”

நரி புட்டியோடு முன்னால் வந்தது. செவந்தி குறுக்கே வந்து நின்றது. அப்போதுதான் மின்மினி சொன்னது ஞாபகம் வந்தது.

“ராஜா, கண்ணாடி பிம்ப மருந்து கண்ணாடி பிம்பக் குட்டிக்குத்தானே பொருந்தும்? அந்தக் குட்டி குளத்துல இருக்கு,” என்றது.

சிங்கத்துக்கு இது பிடித்திருந்தது. முத்திரையும் தப்பியது. குட்டியைக் கரையில் நிறுத்தினார்கள். தண்ணீரில் தெரிந்த குட்டியின் வாயில் நரி மொத்தப் புட்டியையும் ஊற்றியது.

ஒரு சொட்டுகூடக் குடிக்காத குட்டிக்குச் சில நாளில் காய்ச்சல் தானாகவே விட்டது. கரையில் அது துள்ளியபோது தண்ணீரில் தெரிந்த குட்டியும் துள்ளியது. அதைக் காடே பார்த்தது. நரிக்குச் சிறந்த மருத்துவர் பட்டம் கிடைத்தது. மின்மினியை வௌவால் குகைக்கு மாற்றினார்கள்.

குளத்தில் செத்து மிதந்த மீன்களை யானை எடைபோட்டுப் பார்த்தது. எடை சரியாகத்தான் இருந்தது.

நீதி: மருந்து தப்பு என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதைக் குடிக்க வேறு யாரையாவது காட்டிவிடவும் வேண்டும்.