ஒற்றைச் செருப்பும் ஊமை ரேடியோவும்

தமிழ்ப் பூசை முடிந்து டெக்ஸாஸின் காப்பெல் ஊர்த் தேவாலயத்து ஹாலில் எல்லோரும் வடை தின்றுகொண்டிருந்தபோது சாந்தகுமார் எழுந்து நின்றார். உட்கார்ந்து சொன்னாலே கேட்டிருக்கும். ஆனால் சில அறிவிப்புகளை நின்றுதான் சொல்ல வேண்டும்.

"பிக் பெண்ட் நேஷனல் பார்க் போறோம். நாலு கார். அங்க செல் சிக்னல் கிடையாது. அதனால முதல் கார்லயும் கடைசி கார்லயும் சி.பி. ரேடியோ மாட்டுறோம். லாரிக்காரங்க வெச்சிருப்பாங்களே, அது. லீட் கார் நான். கடைசி வேன் செல்வராஜ். ரூல் ரெண்டு. செட்டை யாரும் ஆஃப் பண்ணக் கூடாது. யார் என்ன சொன்னாலும் 'டென் ஃபோர்' சொல்லணும். கேட்டாச்சு, அப்படியே செய்றேன்னு அர்த்தம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தான் சொல்லி நாலு பேர் ஒன்றாகத் தலையாட்டுவதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தச் சூட்டோடு அடுத்ததையும் இறக்கினார்.

"லீட் கார்ல பேச்சு சத்தம் ஆகாது. ஜோசபின் செல்வராஜ் வேன்ல, அவர் மனைவி யாமினி கூட வரட்டும்."

இதுதான் விஷயம். சிக்னல், பாதுகாப்பு எல்லாம் மேல் பூச்சு. கல்யாணமான நாள் முதல் சாந்தகுமார் கையில் இருந்தது ஸ்டியரிங் மட்டுமே. காரை ஓட்டியது பக்கத்து சீட்டில் இருந்த ஜோசபின். "பிரேக் போடுங்க... இப்ப ஏன் பிரேக் போட்டீங்க?" ஒரே ஒரு முறை, கேட்பாரில்லாமல், நெடுஞ்சாலையில் தன் இஷ்டத்துக்குக் கார் ஓட்ட வேண்டும். இந்த ஏக்கத்தை அவர் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

ஜோசபின் "சரிங்க" என்றாள். ஒரே வார்த்தை. அனுபவஸ்தர்கள் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பார்கள். சாந்தகுமாரோ இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கராஜில் வேலை தொடங்கியது. செல்வராஜுக்கு வேலையே இல்லை. காந்த ஆன்டெனாவை வேன் கூரையில் 'டப்'பென்று வைத்தார், முடிந்தது. அவருடையது பழைய வேன். சாந்தகுமாருடையதோ புதுக் கார். ஆறு மாதமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. கூரையில் காந்தமா? கீறிவிடாதா? ஆகவே டிக்கிக் கதவின் ஓரத்தைக் கவ்வும் ஒரு இரும்புக் கிளாம்ப் வாங்கியிருந்தார். அதிலும் ஒரு வில்லங்கம். இரண்டு திருகுகள் பெயிண்டைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டுமாம்.

புது பெயிண்டைக் கடிப்பதா! சுற்றுமுற்றும் பார்த்தார். கராஜ் கதவோரம் ஜோசபினின் நீல ரப்பர் செருப்பு, நாகர்கோவிலிலிருந்து வந்தது, சாதுவாகக் கிடந்தது. ஒன்றிலிருந்து இரண்டு துண்டு வெட்டிக் கிளாம்புக்கு மெத்தை போட்டார். மீதியைக் குப்பைத் தொட்டியின் அடியில் புதைத்தார். இன்னொரு செருப்பு முழுசாக இருக்கிறதே என்று மனசாட்சியையும் சமாளித்துவிட்டார்.

மைக்கை அழுத்தினார். செட்டோடு இணைத்திருந்த மீட்டரின் முள் சரேலென்று மூன்றைத் தாண்டிச் சிவப்பில் போய் நின்றது. ஒன்றரைக்குள் இருக்க வேண்டிய முள்.

கேபிளை மாற்றினார். சிவப்பு. ஆன்டெனாக் கம்பியை மாற்றினார். சிவப்பு. யூடியூபில் தாடிக்காரர் ஒருவர், பெயிண்டைச் சுரண்டி இரும்பும் இரும்பும் தொட வேண்டும் என்று செய்தே காட்டினார். அந்த இடத்தை மட்டும் சாந்தகுமார் தள்ளிவிட்டுப் பார்த்தார். புதுக் கார் வைத்திருப்பவர்கள் பார்க்கக்கூடிய காட்சி அல்ல அது.

கேட்டுச் சொல்வதற்காக வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்த செல்வராஜ் போன் செய்தார். "ஒண்ணுமே கேக்கல பாஸ். பேசாம நான் லீட் போகட்டுமா? ஜோசபின் உங்க கூடவே வந்துரட்டும்."

சாந்தகுமார் அவசரமாகப் போனை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஜோசபின் வந்தாள்.

"என்னங்க, என் செருப்பு ஒண்ணு காணோம்."

"ஒண்ணா? ஒத்தைச் செருப்பை யார் எடுப்பா? அணில் தூக்கிட்டுப் போயிருக்கும்."

"டெக்ஸாஸ் அணிலுக்கு ஏழாம் நம்பர் செருப்பு எதுக்கு?" என்றவள் மீட்டரைப் பார்த்தாள். "அது ஏன் செவப்புல நிக்குது?"

"நான் அனுப்புற பவர் வெளிய போகாம எங்கிட்டயே திரும்பி வருது."

"நீங்க சொல்றது யாருக்கும் போய்ச் சேரலை. அவ்ளோதானே? இதுக்கு ஒரு மீட்டர் வேறயா!"

பேசிக்கொண்டே காரின் பின்னால் போனாள். சாந்தகுமார் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். அவர் உடம்பு ஆன்டெனாவை மறைக்கும் அளவுக்கு அகலமில்லை.

"அந்த நீலம் என்ன?"

"கேஸ்கெட். இம்போர்ட்டட்."

"கேஸ்கெட்ல பூ போட்டிருக்கு?"

ஜோசபின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கிளாம்பைக் கழற்றினாள். இரண்டு துண்டுகளையும் உருவிக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிளாம்பைப் பழைய இடத்தில் வைத்து, ஒரு திருப்புக்கு ஒரு திட்டு வீதம் திருகுகளை இறுக்கினாள். பெயிண்டு 'கிறீச்' என்றது. சாந்தகுமாரும் 'கிறீச்' என்றார்.

"இப்ப பேசிப் பாருங்க."

மைக்கை அழுத்தினார். முள் ஒன்றே காலில் சமர்த்தாக நின்றது. செட்டிலிருந்து செல்வராஜ் கத்தினார்: "பாஸ்! கணீர்னு இருக்கு! என்ன பண்ணீங்க?"

"கிரவுண்டிங் ஃபால்ட்," என்றார் சாந்தகுமார் கம்பீரமாக. "இப்பதான் கண்டுபிடிச்சேன்."

ஜோசபின் செருப்புத் துண்டுகளோடு அவரையே பார்த்தாள். இன்னும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சாந்தமாகக் கேட்டாள்: "எவ்ளோ தூரம் கேக்கும்?"

"நாலஞ்சு மைல்! பத்தொன்பதாம் சேனல்ல வெச்சிருக்கேன். லாரிக்காரங்க எல்லாம் அதுலதான். ரோட் நியூஸ் வரும் பாரு."

"ஆஃப் பண்ணக் கூடாது, இல்லையா?"

"கூடவே கூடாது."

"சொன்னா டென் ஃபோர் சொல்லியே ஆகணும்?"

"ரூல் போட்டது யாரு? நான்!"

"நல்ல ரூல்ங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாந்தகுமாருக்கு நெஞ்சு பூரித்தது.

மறுவாரம் விடிகாலையில் கிளம்பினார்கள். பக்கத்து சீட்டில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் மட்டும். அது ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபோர்ட் வொர்த் தாண்டியதும் சாலை விரிந்தது, சாந்தகுமாரும் விரிந்தார். வேகமாகப் போகிறவர்களின் இடது லேனுக்குப் போனார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காரணமே இல்லாமல் ஒரு பிரேக் போட்டார். அதையும் யாரும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. இதுவல்லவா வாழ்க்கை!

ரேடியோ கரகரத்தது.

"என்னங்க."

சாந்தகுமாரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது.

"நீ... நீ எப்படி மைக்ல?"

"செல்வராஜ் அண்ணா ஓட்டறாரில்ல, அவருக்கு ரெண்டு கையும் வேணுமே. நீங்க எண்பத்து நாலு மைல் ஸ்பீட்ல போறீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களை விடாமப் பிடிக்க அண்ணா எண்பத்து நாலுல ஓட்டறாரு. ஸ்லோ டவுன் பண்ணுங்க. ரைட் லேன் வாங்க. ரைட் லேன்! டென் ஃபோர் சொல்லுங்க."

சாந்தகுமார் ஸ்விட்சைப் பார்த்தார். ரூல் ஞாபகம் வந்தது. முன்னால் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் 'ஸ்லோ டவுன்', 'ரைட் லேன்' தெரிந்த மூன்று பெரிய லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக வலது இண்டிகேட்டர் போட்டு, வேகம் குறைத்து, ஒழுங்காக ஓரம் கட்டின.

"டென் ஃபோர், மேடம்," என்றது முதல் லாரி. "டென் ஃபோர், மேடம்," என்றது இரண்டாவது. மூன்றாவதும் சொன்னது.

நாலாவதாகச் சாந்தகுமார் சொன்னார்.