ஜப்பான் கதைக்கு அர்த்தம் சொன்னவர்

மனிதர்களில் அர்த்தஞ்சொல்லி என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவில் குறைந்தது ஒருவர் இருப்பார். இரண்டு பேர் இருந்துவிட்டால் தெரு உருப்படாது. ரயில் நடுவழியில் நின்றால், ஏன் நின்றது என்பது எஞ்சின் டிரைவருக்குத் தெரிவதற்கு முன்பே இவருக்குத் தெரியும். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி, மருந்துக்கடைக்காரர் கண்ணாடி மாட்டுவதற்குள் "இது பித்தத்துக்கு" என்று சொல்லிவிடுவார். அது சொறிக்கு எழுதிய களிம்பாக இருக்கும். எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிக்குப் பின்னால் வங்காளத்தில் என்ன எழுதியிருந்தாலும் "ஹாரன் அடிக்கவும்" என்று படித்துக் காட்டுவார். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். ஆபத்து அங்கேதான்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் தலையாட்டுவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். "அதாவது இன்னான்னா..." என்பார். அந்த "அதாவது"க்கும் "இன்னான்னா"வுக்கும் நடுவில்தான் அர்த்தம் தயாராகிறது. இவ்வளவு சீக்கிரம் வேகிற பண்டத்தை எந்த அடுப்பிலும் பார்க்க முடியாது.

எழுபத்தெட்டாம் வருஷம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஹைவே ஓரத்தில், மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற கம்பெனி ஒன்றில் இந்த ரகத்தின் நல்ல மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் துளசிராமன். ஸ்டோர் கிளார்க். மேனேஜர் அவரை "ஏய் ஸ்டோர்" என்று கூப்பிடுவார். வீட்டில் அவர் "அதாவது" என்று ஆரம்பித்தால் மனைவி ஜானகியம்மாள் எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். ஆக, நாற்பத்திரண்டு வயதில், கைவசம் உலகத்துக்கே போதுமான அர்த்தம் வைத்துக்கொண்டு, கேட்க ஒரு காதும் இல்லாமல் மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஜப்பானிலிருந்து ஒரு காயில் சுற்றும் மெஷின் வந்தது. மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய் அதை எடுத்து வந்தவர் துளசிராமன். நாலு மணி நேரம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பெட்டியில் ஒரு குடையின் படமும் அதன் கீழே ஜப்பான் எழுத்தும் இருந்தன. "நனைக்காதே" என்று அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஜப்பான் பாஷை தெரியும்.

பெட்டியைப் பிரித்தபோது, மரத்தூளுக்கும் கசங்கிய காகிதத்துக்கும் நடுவில் ஒரு புத்தகம் கிடைத்தது. டெலிபோன் டைரக்டரி தடிமன். உள்ளே முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம். படத்தில் இருந்த பெண்ணின் கண் ஒவ்வொன்றும் ஆப்பச்சட்டி அகலம், கண்ணுக்குள் நட்சத்திரம், அதற்குக் கீழே மூக்கு என்று சொல்ல ஒரு புள்ளி, மோவாய் குண்டூசி முனை. அவள் சிரித்தால் சுற்றிலும் ரோஜாப்பூ, அழுதால் சுற்றிலும் ரோஜாப்பூ, சண்டை போட்டாலும் ரோஜாப்பூ. காயில் சுற்றும் பதினோரு பெண்களும் சாப்பாட்டுக் கொட்டகையில் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். மெஷினை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸ்டோர் அண்ணா, இன்னா கதைண்ணா இது?" என்று கேட்டாள் கோவிந்தம்மா. பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். அவள் தூக்குச்சட்டியைத் திறந்தால், வறுத்த மடவை மீன் வாசனைக்கு அக்கவுண்ட்ஸ் ரூம்வரை தலை திரும்பும்.

துளசிராமன் கண்ணாடியைத் துடைத்தார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாகப் பதினோரு பேர், அதாவது இருபத்திரண்டு காது, அவர் பக்கம் திரும்பி நின்றன. உட்கார நாற்காலி வந்தது. நாற்காலிக்குப் பின்னாலேயே ஒரு மீன் துண்டும் வந்தது. மனிதன் வேறு எதற்காகப் பிறந்தான்?

புத்தகத்தை மடியில் வைத்து, நாமெல்லாம் எப்படித் திறப்போமோ அப்படி இடது பக்க அட்டையைத் திறந்தார். முதல் படத்தில் பெண்ணும் பையனும் பூவுக்கு நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அதாவது இன்னான்னா, கண்ணாலம் முடிஞ்சிருச்சு. இனிமேதான் கதை."

"ஆமா, நமக்கும் அப்டித்தான். கண்ணாலம் முடிஞ்சப்புறந்தான் கதையே ஆரம்பிக்குது" என்றாள் ரோசம்மாள். நாக்கு நுனியில் பிளேடு வைத்திருக்கிறவள். "இதுல யாருண்ணா ஆம்பள? ரெண்டும் பொம்பளையாட்டமே கீதே?"

"முடி நீட்டா கீதே, அவன்தான்."

"ரெண்டுக்கும் நீட்டாத்தான் கீது."

"ஒயரமா கீறவன். ஜப்பான்ல எல்லாம் ஓவர்டைம். முடி வெட்டிக்க டைம் ஏது?"

"எழுத்து ஏண்ணா புடலங்காயாட்டம் தொங்குது?"

"அங்க பூகம்பம் வரும்மா. குறுக்க எழுதினா சரிஞ்சிரும். நட்டுக்க எழுதினா நிக்கும்."

நட்டுக்க எழுதினால் நிற்கும்! இதை எதிர்த்து யார் பேச முடியும்? எந்தச் சந்தேகத்துக்கும் அவரிடம் மருந்து இருந்தது. ஒரு கட்டத்தில் சுருட்டை முடிக்காரி கதாநாயகியைப் பளாரென்று அறைந்தாள். அடுத்த கட்டத்தில்தான் இருவருக்கும் வாய்ச்சண்டை. "அங்க மொதல்ல அடிச்சுட்டுத்தான் காரணம் சொல்வாங்க" என்றார். "எங்க ஊட்டுக்காரரு ஜப்பானா?" என்றாள் ரோசம்மாள். கதை போகப் போகக் கதாநாயகி குள்ளமாகிக்கொண்டே வந்தாள். "கவலைல இளைச்சிட்டா" என்றார். அவளுடைய அம்மாவின் படத்துக்கு முன்னால் பூவும் விளக்கும் வைத்திருந்தது. சில பக்கம் தள்ளி அதே அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தாள். "ஜப்பான் மருந்து" என்றார். கோவிந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தினம் இருபது பக்கம். நல்ல இடம் பார்த்து நிறுத்திவிட்டு "மீதி நாளைக்கு" என்று எழுந்துவிடுவார். வாரப் பத்திரிகைக்காரர்கள் இவரிடம் பாடம் கேட்கலாம். மூன்று வாரத்தில் அவருக்குக் கன்னத்தில் சதை வைத்தது. எல்லாம் மடவை.

கம்பெனியில் முதலுதவி அறை ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவள் தாயாரம்மாள். பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து முப்பது வருஷம் காயம் கழுவியவள். கதை கேட்க உட்காரமாட்டாள்; போகிற வழியில் தினம் படத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள். அன்றைக்கு யாருக்கோ விரலில் கட்டுப் போட வந்தவள், படத்தை எட்டிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"தொளசி, நேத்து அந்தப் பொண்ணுக்குக் கால்ல மாவுக்கட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதுக்கு முந்தாநாளு கோல் ஊணிக்கினு நடந்தா. அதுக்கு முந்தி மேடை ஏறி டான்ஸ் ஆடினா. இன்னைக்குப் படிக்கட்டுல உருண்டு வுழறா."

"ஆமா, அதுக்கின்னா?"

"காயம் முந்தி, கட்டு பிந்தி. கட்டு அவுத்துப்புட்டு அப்புறமா காலை ஒடச்சிக்கிற ஊரு எதுய்யா?"

பதினோரு பேரும் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்கள். மீன் துண்டு பாதி வழியில், கோவிந்தம்மாவின் கையிலேயே நின்றது.

"அதாவது... இன்னான்னா... ஜப்பான்காரன் முன்ஜாக்கிரதைக்காரன். வுழப்போறோம்னு தெரிஞ்சு முன்னாடியே கட்டிக்கினான்."

"ஐயையே!" என்றுவிட்டுத் தாயாரம்மாள் பஞ்சு டப்பாவோடு போய்விட்டாள்.

மீன் வந்து சேர்ந்தது. ஆனால் துளசிராமனுக்குத் தொண்டையில் முள் நின்றது. ஸ்டோருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். அப்போதுதான், இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்று பட்டது. பக்கத்தின் மூலையில் பொடிசாக நம்பர் இருந்தது. நம்ம ஊர் நம்பர்தான், ஒன்று இரண்டு மூன்று. அது இறங்கிக்கொண்டிருந்தது. நூற்றி இருபது. நூற்றிப் பத்தொன்பது. நூற்றிப் பதினெட்டு. மனிதர் வியர்த்துப்போனார். மூன்று வாரமாகக் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு தலையைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார்!

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மறுநாள் போய், "அம்மா, தப்பாகச் சொல்லிவிட்டேன், முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்பீர்களா? அப்படிச் சொல்லக்கூடியவர் இந்த ரகத்திலேயே சேர்த்தி இல்லை. துளசிராமன் யோசித்தார். சொன்னால் நாற்காலி போகும், மீன் போகும், இருபத்திரண்டு காதும் போகும்; மிச்சம் மேனேஜரும் ரேடியோவும். ஆகவே மறுநாளிலிருந்து, புத்தகத்தைப் பிடிக்கிறபோது, பக்க நம்பரின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டார்.

அவ்வளவுதான் அவர் செய்த திருத்தம்.

"தொளசி, கட்டைவெரலுக்கு இன்னா? எடுக்கவே மாட்டேங்கறே?" என்று இரண்டாம் நாளே கேட்டாள் தாயாரம்மாள். "நகச்சுத்தா? காட்டு, மருந்து போடறேன்."

"ஒண்ணியும் இல்ல. புத்தகம் வெயிட்டு."

"வெயிட்டா இருந்தா கீழ வைய்யி."

எப்படியோ நாலாவது வாரம் முடிவு நெருங்கியது. அம்மா பூரண சுகம். கதாநாயகி இடுப்பளவு குழந்தையாக நிற்க, அம்மா அவளுக்கு ரிப்பன் கட்டிவிடப் போகிறாள். இன்னும் இரண்டே பக்கம். அன்றைக்குப் பார்த்து, மெஷினைப் பொருத்துவதற்கு ஜப்பானிலிருந்து மெக்கானிக் வந்து சேர்ந்தார். இருபத்தைந்து வயசு இருக்கும். மேனேஜர் ஏதோ போனுக்கு ஓடிவிட, அந்தப் பிள்ளை வெயிலுக்கு ஒதுங்கிச் சாப்பாட்டுக் கொட்டகைக்குள் வந்தது. வந்து, துளசிராமன் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தது. முகமெல்லாம் சிரிப்பு. தோள் உயரத்துக்குக் கையைக் காட்டி, இரண்டு பக்கமும் சடை பின்னுகிற மாதிரி விரலைச் சுற்றிக் காட்டியது.

"தங்கச்சி படிக்கிற புக்காம்!" என்றாள் கோவிந்தம்மா. இதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிள்ளை கையை நீட்டிற்று. துளசிராமன் விடவில்லை. கட்டைவிரல் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடித்தார். மெக்கானிக் பணிவாகக் குனிந்து வணங்கினார், வணங்கியபடியே இழுத்தார். மெஷின் பிடித்த கை. புத்தகம் போய்விட்டது.

மெக்கானிக் அதைத் திருப்பினார். ஜப்பான் புத்தகம் ஆரம்பிக்கிற வலது பக்க அட்டையைத் திறந்தார். வலது மூலையில் முதல் படத்தில் விரலை வைத்து, இடது பக்கமாக ஓட்டினார். அம்மா ரிப்பன் கட்டினாள். பெண் வளர்ந்தாள், படியில் விழுந்தாள், மாவுக்கட்டுப் போட்டாள், கோல் ஊன்றினாள், மேடையில் ஆடினாள். அம்மா இருமினாள். கட்டிலில் படுத்தாள். பூவும் விளக்கும் வைத்த படமானாள். பெண் ஓவர்டைம்காரனைக் கட்டிப்பிடித்தாள்.

"காயம் முந்தி, கட்டு பிந்தி" என்றாள் தாயாரம்மாள், வாசலில் நின்றபடி.

 

"அப்ப, நாலு வாரமா நீ சொன்னது இன்னாண்ணா?" என்றாள் ரோசம்மாள்.

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்தார். அப்படியே மாட்டிக்கொண்டார்.

"அதாவது இன்னான்னா, அவரு ஜப்பான்ல சொல்றாரு. நான் உங்களுக்குத் தமிழ்ல சொன்னேன். தமிழு இந்தாண்டேர்ந்து அந்தாண்ட போற பாஷை. கதையும் அப்டித்தானே போவும்?"

ரோசம்மாள் பிளேடை எடுப்பதற்குள் கோவிந்தம்மா முந்திக்கொண்டாள்.

"தமிழ்ல அம்மா பொயச்சிக்கினா. ஜப்பான்ல செத்துட்டா. அய்யே, எனக்குத் தமிழே போதும்."

"எனக்கும்" என்றாள் ஒருத்தி. "அந்த ரெண்டு பக்கத்த முடிச்சிடுண்ணா" என்றாள் இன்னொருத்தி.

துளசிராமனுக்கு உயிர் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். இந்த ரகம் சும்மா இருக்குமா? கோவிந்தம்மா விருந்தாளியைப் பார்த்து, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, "இன்னா நைனா, சோறு துண்ணியா?" என்று கேட்டாள். மெக்கானிக் புன்னகைத்து, "ஸோ தெஸ் நே..." என்றார்.

"கேட்டீங்களா! 'சோறு துண்ணேன்'ங்கறாரு!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார் துளசிராமன். "எல்லாம் நம்ம பாஷைதாம்மா. கப்பல்ல போய்க் கொஞ்சம் நசுங்கிடுச்சு."

பதினோரு பேரும் ஆகா என்றார்கள். சாப்பிட்டவரை வற்புறுத்தக்கூடாது என்று கோவிந்தம்மா தூக்குச்சட்டியை மூடினாள். மூடி இறங்கியபோது மெக்கானிக்கின் கண்ணும் கூடவே இறங்கியது. காலையில் மெட்ராஸில் சாப்பிட்ட நாஷ்டாவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகாத முகம்.

தாயாரம்மாள் உள்ளே வந்தாள். மூடியைத் திறந்தாள். இரண்டு துண்டு மடவையும் ஒரு கை சோறும் மூடியிலேயே போட்டு அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். வணங்கக்கூட நேரமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தார் மெக்கானிக். காரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது, நிறுத்தவில்லை.

"துண்ணவன் இப்டித்தான் துண்ணுவானாய்யா?" என்று துளசிராமனைக் கேட்டாள் தாயாரம்மாள்.

"அதாவது இன்னான்னா, ஜப்பான்ல 'துண்ணேன்'னு சொன்னா, 'இன்னும் கொஞ்சம் போடு'ன்னு அர்த்தம்."

பெண்கள் தலையாட்டினார்கள். கோவிந்தம்மா இன்னொரு துண்டு போட்டாள், மெக்கானிக்குக்கு ஒன்று, துளசிராமனுக்கு ஒன்று.

அந்தப் பிள்ளை உண்மையில் என்னதான் சொல்லிற்று என்று கேட்கிறீர்களா? தெரியாது. சொன்னவருக்குத் தெரியும், அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் நீங்கள் அதற்குள் மனதில் ஒரு அர்த்தம் தயார் செய்துவிட்டீர்கள், இல்லையா? பக்கத்தில் யாராவது கேட்கமாட்டார்களா என்று நாக்கு துறுதுறுக்கிறதே, அது சாதாரணமாக எல்லோருக்கும் வருவதுதான், சின்ன வயதில் கவனித்தால் குணமாகும். இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: எதிரில் இருப்பவருக்குப் பசியா என்று பாருங்கள். பசியென்றால், வாயை மூடிக்கொண்டு சோற்றைப் போடுங்கள்.