ஆறு பதினேழுக்கு நின்ற புள்ளி

சனிக்கிழமை காலை ஆறு மணி பதினேழு நிமிடத்துக்கு என் மகள் நின்றுபோனாள். மகள் என்றால், கைபேசித் திரையில் ஓடிக்கொண்டிருந்த நீலப் புள்ளி. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் எப்போதோ மறந்துவிட்டிருந்தேன்.

மகள் ஆரணி, பல்கலைக்கழகத்தில் பனிப்பாறைகளைப் பற்றிப் படிக்கிறாள். (பனி பார்க்கப் படிப்பு எதற்கு, ஜனவரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் போதாதா என்று கேட்ட உறவினர் பலர்.) அந்தக் கோடையில் நான்கு மாதப் பயிற்சிக்காக சுவிஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்குக்குப் போனாள். போன முதல் வாரமே மத்தியானங்களில் ஓடத் தொடங்கிவிட்டாள். மலைப்பாதையில், தனியாக. இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கடைசியில் அவளே இரங்கி ஓர் உடன்படிக்கைக்கு வந்தாள்.

"அப்பா, லொக்கேஷன் ஷெயர் பண்ணுறன். நீங்கள் பாக்கலாம். ஆனா நான் ஓடேக்கை கோல் பண்ணக்கூடாது. வேறை ஆக்களுக்குச் சொல்லக்கூடாது. சொன்னா ஓஃப் பண்ணிடுவன். டீல்?"

"டீல்" என்றேன். அந்தப் புள்ளிக்காக என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அவளுக்கு மத்தியானம் பன்னிரண்டு என்றால் கடல் கடந்து எங்கள் ஊரான மில்லிக்கனில் எனக்குக் காலை ஆறு. அவள் புறப்படும்போது நானும் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். அவளிடம் மூன்று பாதைகள் இருந்தன: ஆற்றோரமாக ஒன்று, ஊசியிலைக் காட்டுக்குள்ளால் ஒன்று, மாடுகள் மேயும் புல்வெளிக்கு ஏறும் மேல்பாதை ஒன்று. மூன்றும் எனக்கு மனப்பாடம். வீடுகளுக்கிடையே இன்னும் வெளிச்சம் முழுதாக வராத நேரத்தில், ஸ்ரீல்ஸ் வீதியின் வாகன இரைச்சல் மெல்ல மெல்ல ஆறாகிவிடும். கடைகள் நிறைந்த பிளாசாவின் வெறும் கார்த்தரிப்பிடம் மாடு மேயும் புல்வெளியாகும். காற்றில் ஈரப் புல்லின் வாசம்கூட வரும். எங்கோ மாட்டு மணி கேட்கும். அவளுடைய பாதை மேலேறும்போது நானும் சமதரையில் முழங்காலை உயர்த்தி உயர்த்தி ஓடுவேன். (எதிர்வீட்டு அன்ரி என் மனைவியிடம், "அவருக்குக் காலிலை ஏதும் வருத்தமோ?" என்று கேட்டிருக்கிறார்.)

அப்படி இருவரும் மேல்பாதையில் ஏறிக்கொண்டிருந்த காலையில்தான் புள்ளி நின்றது. அந்த இடமும் எனக்குத் தெரியும். ஒரு சின்ன மரத் தேவாலயம். அதற்குப் பிறகு பாதை ஒடுங்கிச் செங்குத்தாகும்.

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட பஸ்கள் எங்கே போகின்றன என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு வேலை. "பஸ் நிண்டுட்டுது, என்ரை பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று பதறி அழைக்கும் பெற்றோருக்கு, "புள்ளி நிண்டால் ஒண்டுமில்லை, சிக்னல் சிவப்பாக இருக்கும்" என்று பதினாறு வருடமாகப் பொறுமை போதிக்கிறவன் நான். என்னுடைய பொறுமை பதினொரு நிமிடம் நீடித்தது.

உடன்படிக்கையை மீறி அழைத்தேன். மணி போனது; எடுக்கவில்லை. ஏழு தடவை. இப்போது என் கண்ணுக்குள் மலையிலிருந்து பனி உருண்டு வந்தது. பாறை உருண்டது. ஒரு மாடு அவளை முட்டியது. மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து வர ஒன்பது மணியாகும். என் கைபேசியில் நான்கு வீத உயிர்தான் மிச்சம். பிளாசாவில் திறந்திருந்த கோப்பிக் கடைக்குள், அரைக் காற்சட்டையும் வியர்வையுமாக ஓடினேன்.

கடையில் மின்சாரம் எடுக்கும் ஓட்டை குப்பைத் தொட்டிக்குப் பின்னால்தான் இருந்தது. கடைக்காரப் பெண் இரவல் தந்த வயரோ ஒரு சாண். ஆகவே குப்பைத் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி முழங்காலில் இருந்தேன். அந்தக் கோலத்தில்தான் பொன்ராசா அண்ணை என்னைக் கண்டார். தினமும் விடியற்காலையில் நண்பர்களோடு மூலை மேசையில் கோப்பி குடிப்பவர்.

"என்ன தம்பி ரஞ்சன், ஏதும் துலைச்சுப் போட்டீரோ?"

"மகளை, அண்ணை" என்றேன். அழுதும்விட்டேன்.

விடயத்தைக் கேட்டதும் மூலை மேசை முழுவதும் எழுந்து வந்தது. "பொலிசுக்குப் போன் அடிப்பம்" என்று ஒருவர் சொன்னார். பொன்ராசா அண்ணை கையை உயர்த்தினார்.

"அந்த நாட்டுப் பொலிசுக்கு என்ன பாஷையிலை அடிப்பாய்? பேசாமல் இரு. என்ரை மச்சான் சீலன் உந்தப் பக்கத்து மலையிலைதான் ஹோட்டல்லை குக்கா நிக்கிறான்."

சீலன் மத்தியானச் சமையலை அடுப்போடு விட்டுவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நான் குப்பைத் தொட்டியடியில் இருந்தபடியே அவருக்கு வழிகாட்டினேன். ஸ்பீக்கரில் கடை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாலம் வரும். தாண்டி இடப்பக்கம் திரும்புங்கோ. பிறகு சீஸ் செய்யிற ஒரு கொட்டில். அதுக்குப் பின்னாலை ரெண்டு வளைவு. காரை அதிலை விட்டிட்டு ஏறுங்கோ."

"ஓம் அண்ணை, கொட்டில் இருக்கு. நீங்கள் இஞ்சை எத்தினை தரம் வந்தனீங்கள்?"

"ஒருக்காலும் வரேல்லை."

சீலன் காரை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்கினார். பிறகு, "நீங்கள் பிள்ளையின்ரை போனுக்கு அடியுங்கோ. நான் சத்தத்தைக் கேட்டுத் தேடுறன்" என்று சொல்லிப் போனை வைத்தார். அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று யாரோ எடுத்தார்கள். மூச்சிரைத்தது. ஆண் குரல்.

"அண்ணை, சீலன் கதைக்கிறன். போன் இருக்கு. சேர்ச் வாசலிலை ஆக்கள் இருக்கிற வாங்குக்குக் கீழை ஒரு சுவெற்றருக்குள்ளை சுத்தி வைச்சிருக்கு. பிள்ளையைக் காணேல்லை."

எனக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் அணைந்துபோயிற்று. ஆறு இல்லை, புல் இல்லை. குப்பைத் தொட்டி மட்டும் இருந்தது.

அப்போதுதான் அது கேட்டது. முதலில் மிக மெல்லியதாக, சரளைக்கல்லில் தட், தட், தட் என்று. ஒரே சீராக, மேலேயிருந்து இறங்கி வந்தது. ஒன்றரை மாதமாக அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவள் ஓடும் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

சத்தம் நின்றது.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை" என்று சீலன் சொல்வது கேட்டது. "நான் பொன்ராசா அண்ணையின்ரை மச்சான்."

"ஹூ இஸ் பொன்ராசா?" என்றாள் என் மகள்.

(பொன்ராசா அண்ணையின் முகம் வாடியது. இன்றைக்கும் அதை என்னிடம் சொல்லிக்காட்டுவார்.)

சமையல்காரருடைய வெள்ளை உடுப்பில், பிள்ளைக்குப் பசிக்கும் என்று கொண்டுவந்த கட்லட் பொதியோடு, மலைப்பாதையில் தன் சுவெற்றரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரைப் பற்றி நான் விளக்கி முடிக்கும்வரை ஆரணி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, ஒருக்கா ஒருத்தரும் பாக்காமல் ஓடிப் பாக்க வேணும் போல இருந்துது. அதுதான் போனை வைச்சிட்டுப் போனனான். மேலை போய்ச் சும்மா இருந்தன். சொறி."

மன்னிப்புக் கேட்டவள் அவள். கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அன்று மாலையே புள்ளி அணைந்தது. டீல் என்றால் டீல். அதற்கு முன், காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்த வசந்தி, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்: "பிரிட்ஜ் கதவிலை அவளின்ரை மேலதிகாரியின்ரை நம்பர் ஒட்டி வைச்சனானெல்லோ, பாத்தனீங்களோ?" பார்க்கவில்லை. அந்த மேலதிகாரியின் அறையிலிருந்து தேவாலயத்துக்குப் பத்து நிமிட நடையாம்.

மிச்சமிருந்த காலைகளில் புள்ளி இல்லாமலேயே ஓடினேன். இரைச்சல் இரைச்சலாகவே இருந்தது. இன்னும் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

செப்ரெம்பரில் ஆரணி திரும்பி வந்தாள். வந்த மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு நான் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, படியில் அந்தச் சத்தம் கேட்டது. தட், தட், தட். ஓடும் உடுப்போடு வந்து நின்றாள்.

"வாங்கோ அப்பா. போனை வைச்சிட்டு."

வைத்தேன். கதவைத் திறக்கும்போது மாடியிலிருந்து, அன்று இரவு வேலை இல்லாத வசந்தியின் நித்திரைக் குரல் வந்தது:

"ஏழு மணிக்கு முதல் ரெண்டு பேரும் வந்திட வேணும். இல்லாட்டி சீலனுக்குப் போன் அடிப்பன்!"