ஓவர்சியர் நூல் கட்டிய செடிகள்

"எது காரம், எது குடைமிளகாய்னு தெரியாதா? யாருக்கு? எனக்கா?" என்று மொட்டைமாடியில் நாற்றுத் தட்டைப் பார்த்து உறுமினார் ஓவர்சியர். வேலைதான் ரிட்டயராகியிருந்தது, வீறாப்பு இன்னும் சர்வீசில் இருந்தது.

வயிற்றுப்புண் வந்ததிலிருந்து அவர் வீட்டில் காரத்துக்குத் தடை. இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போகும் மனைவி போட்ட உத்தரவு. "நானும்தானே உங்களோட சேர்ந்து உப்புச்சப்பில்லாம சாப்பிடறேன்?" என்று அந்த அம்மாள் கேட்டால் நமக்கே பாவமாக இருக்கும். போதாததற்கு ஆபீஸ் ஏசி வேறு ஒத்துக்கொள்ளாமல், தினமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் வீடு திரும்புவார்.

ஓவர்சியர் அடங்குகிற ஆளா? நர்சரிக்காரரிடம் ஒரு தட்டு ஊசிமிளகாய் நாற்றும், கண்துடைப்புக்கு ஒரு தட்டு குடைமிளகாய் நாற்றும் கேட்டு வாங்கினார். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்தார். மனைவி படித்துவிடக் கூடாதென்று பெயர்க் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார். இப்போது எல்லாம் ஒரே அச்சு.

"ஏங்க, காரச் செடி எதாவது கலந்திருந்தா இன்னிக்கே பிடுங்கிப் போட்டுடுங்க!" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"நாக்கு என்னுது. யார் என்ன பண்ண முடியும்?" என்றார் ஓவர்சியர். தட்டுக்கு மட்டும் கேட்கும்படி.

ஸ்கேலை எடுத்தார். இலை ஒல்லியென்றால் காரம், அகலமென்றால் குடை. சந்தேகம் வந்ததை மோந்து பார்த்தார். காரம் என்று தீர்ப்பானவற்றுக்கெல்லாம் தண்டில் சிவப்பு நூல் கட்டினார்.

மனைவி மேலே வந்தார். "நூல் எதுக்கு?"

"அதெல்லாம் குடைமிளகாய். இருக்க வேண்டியது."

"அப்ப மத்ததெல்லாம் காரமா? தள்ளுங்க."

மளமளவென்று பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார். ஓவர்சியர் முகத்தில் துக்கம், மீசைக்குள் சிரிப்பு.

சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நூல் கட்டிய செடிகள் இலையை அகல அகலமாக விரித்தன. அப்படியானால் பிடுங்கியதுதான் காரம்! கூடையைக் கவிழ்த்தார். எல்லாம் வாடிச் செத்திருந்தன. ஒன்றே ஒன்றுக்கு உயிர் இருந்தது. அதைப் பழைய பெயிண்ட் டப்பாவில் நட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வளர்த்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்ததில்லை.

காய்த்தது. குண்டாக, வழவழவென்று, குடைமிளகாய்.

டப்பாவும் கையுமாக நர்சரிக்குள் பாய்ந்தார். "நூல் கட்டினதும் குடை, கட்டாததும் குடை! என்னய்யா வித்தே? காரச் செடி இல்லாம இன்னிக்கு நான் நகர மாட்டேன்!"

நர்சரிக்காரர் தண்ணீர்க் குழாயைக் கீழே போடவே இல்லை. "சார் வந்து என்ன கேட்டாலும் குடைமிளகாயே குடுங்கன்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்களே."

"அவ யாருய்யா சொல்றதுக்கு? எனக்கு ஊசிமிளகாய் வேணும்!"

"அம்மாகிட்டயே கேளுங்க சார். போன வருஷம் எங்கிட்ட வாங்கின நாத்து, அவங்க ஆபீஸ் மாடியில காடா நிக்குது. மத்தியானம் மூக்குல தண்ணி கொட்டக் கொட்ட நாலு கடிச்சாத்தான் அவங்களுக்குச் சாப்பாடே இறங்குதாம்!"