அம்மாவின் மூன்று நிமிடம்

மஜுரோ,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணன் ஜெல்டனுக்கு,

தங்கை நெய்மோன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். கூரையும் நலம், மழை வராதவரை. ஆர்கன்சாவில் நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும், வாரத்துக்கு மூன்று முறை உன் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த இயந்திரம் உன்னைவிட நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன். அம்மா ஏன் போனில் பேச மறுக்கிறாள் என்று கேட்டிருந்தாய். அவள் கோபம் உன் மேல் இல்லை, என் மேல். அதனால் என் கையில் இருக்கும் போன் மேலும்.

போன வாரம் அக்கம்பக்கத்துத் தீவு நாடுகளின் தலைவர்கள் எல்லாம் இங்கே கூடினார்கள், ஏற்பாடு எங்கள் வெளியுறவு அலுவலகம். நம் கடலில் நஞ்சைக் கொட்டியவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து ஓர் அறிக்கை விடுவதாகத் திட்டம். குண்டுச் சோதனை நடந்த அன்று வடக்குத் தீவில் இருந்தவர்களில் ஒருவர் மூன்று நிமிடம் பேசினால் அந்தப் பேச்சும் அறிக்கையோடு சேரும் என்று அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். எழுபது வருஷத்தில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒரு மாதம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதி மூன்று பக்கம் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து, பெரிய நண்பர் (அலுவலகக் காகிதத்தில் அமெரிக்காவை அப்படித்தான் எழுதுவோம், குண்டு போட்டவர் என்றா எழுத முடியும்) தானும் ஒரு விருந்தாளியை அனுப்புவதாகத் தகவல் வந்தது. அவர்களோடு நம் நாட்டுக்கு உள்ள ஒப்பந்தம் மறுபடி பேச்சில் இருக்கிற நேரம். நீ அங்கே விசா இல்லாமலே தங்க முடிவது, கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தது, இப்போது அந்த இயந்திரத்தின் பக்கத்தில் படுப்பது எல்லாமே அதில்தான் தொங்குகிறது. என் மேலதிகாரி லாங்ரின் என்னைக் கூப்பிட்டு, "நாம பக்கத்து நாட்டுக்காரங்களோடதான் உட்காரணும், ஆனா உட்கார்ந்திருக்கிறது பெரிய நண்பர் கண்ணுல படக்கூடாது" என்றார். மேசைக்கு அடியில் நாற்காலி போடட்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

பிறகு அம்மாவின் பேச்சைத் திருத்தச் சிவப்புப் பேனாவை என்னிடமே கொடுத்தார். மகள் வெட்டினால் தாய்க்கு வலிக்காதாம். முதல் நாள் குண்டு போய் 'நிகழ்வு' வந்தது. மறுநாள் செத்துப்போனவர்கள் 'இன்று நம்மிடையே இல்லாதவர்கள்' ஆனார்கள். அதற்கடுத்த நாள் அவர்களில் ஒருத்தியான லினா சித்தியின் பெயர் போயிற்று, பெயர் சொன்னால் கேட்பவர்களுக்கு மனசு கலங்குமாம். கூட்டத்துக்கு முதல் நாள் மிச்சம் இருந்தது, 'எல்லோரும் வருக, எங்கள் கடல் அழகானது' என்ற ஒரு வரி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு நிமிஷத்துக்கு இது போதுமாடி? ரொம்ப மெதுவாப் பேசணும் போலிருக்கே" என்றாள். பிறகு, "உன் சித்தி பேரு எங்கடி?" நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் அதைக்கூட அவள் பேசவில்லை, கேள். தேவாலயச் சபைப் பெண்கள் வரவேற்புப் பாட்டு பாடினார்கள். பாட்டு நடக்கும்போது பிடித்தவர்கள் மேல் வாசனைத் தண்ணீரும் குழந்தைப் பவுடரும் தெளிப்போமே, நம் கெயோலா அக்கா புது டப்பாவோடு வந்திருந்தாள், அவளுக்குப் பிரியம் வந்தால் அளவு கிடையாது, பெரிய நண்பருடைய விருந்தாளியின் நீலக்கோட்டின் மேல் பாதி டப்பாவைக் கொட்டிவிட்டாள். அவ்வளவுதான், வெள்ளைத்தூள் என்று ஒரு காவலர் கத்த, இரண்டு பேர் விருந்தாளியை அரிசி மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு ஓட, ஒன்பது நாட்டுத் தலைவர்களும் தலையில் பூவளையத்தோடு கடற்கரையில் போய் நின்றார்கள். துறைமுகத்தில் நின்ற பெரிய நண்பரின் கப்பலிலிருந்து முகமூடியும் கையுறையுமாக ஆட்கள் வந்து, சிரிக்கிற பாப்பா படம் போட்ட அந்த டப்பாவைப் பிளாஸ்டிக் பைக்குள் பையாகப் போட்டு மூடினார்கள். கெயோலா அக்கா கொஞ்சம் தூளை நாக்கில் வைத்தே காட்டினாள், அதற்கும் சேர்த்து அவளைக் கூடாரத்தில் மூன்று தடவை குளிக்க வைத்தார்கள். "என் கல்யாணத்துக்குக்கூட என்னை இவ்வளவு தேய்க்கல" என்று வெளியே வந்தாள். நானும் சிரித்தேன் அண்ணா. அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தேன்.

ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், தலைமுடியில் கொஞ்சம் தூள். ஒரு முகமூடிக்காரர் அவள் முன்னால் குனிந்து, கண்ணைத் தொடாதீர்கள், கையை வாயில் வைக்காதீர்கள், இங்கே தண்ணீர் குடிக்காதீர்கள், இதோ உடனே கழுவிவிடுகிறோம் என்று பொறுமையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா முழுசும் கேட்டுக்கொண்டாள்.

"இவர்கிட்ட ஒண்ணு கேளு. அன்னிக்கு அந்தக் குண்டுச் சாம்பல் எங்க தீவு மேல வெள்ளையாக் கொட்டிச்சு. நானும் லினாவும் வாரி வாரித் தலையில போட்டு விளையாடினோம், நாக்குல வெச்சுப் பார்த்தோம். இவ்வளவு வேகமா ஓடத் தெரிஞ்சவங்க அன்னிக்கு ஏன் ரெண்டு நாள் கழிச்சு வந்தாங்க?"

என்ன சொல்கிறார்கள் என்று அவர் என்னைக் கேட்டார். பத்தடி தள்ளி லாங்ரின் நின்றுகொண்டிருந்தார்.

நன்றி சொல்கிறார்கள் என்றேன்.

நன்றிக்கு அவர்கள் பாஷையில் என்ன வார்த்தை என்று அம்மாவுக்குத் தெரியும் அண்ணா. அவளுக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் அது ஒன்று. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நேரமில்லை என்று அவளுடைய மூன்று நிமிடத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு முடிவு செய்துவிட்டேன். வெட்டிய மூன்று பக்கத்தையும் திரும்ப எழுதிவிட்டேன், சித்தி பெயரோடு, மரத்தடியில் அம்மா கேட்டதோடு. என்னோடு சுவா நகரத்தில் படித்த ஃபிஜிக்காரி சலோட்டேதான் அறிக்கையை அச்சுக்குக் கொண்டுபோகிறாள். வியாழக்கிழமை விமானம் ஏறுமுன் அவள் கையில் கொடுத்துவிடுவேன். வேலை போனால் போகட்டும், மீன் விற்றுப் பிழைத்துக்கொள்வேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒவ்வொரு முத்தம். வேளாவேளைக்குச் சாப்பிடு, உப்பைத் தொடாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
நெய்மோன்

பி.கு.: வெள்ளிக்கிழமை. புதன் இரவு அண்ணி போன் செய்தாள். ஒப்பந்தப் பேச்சு முடியும்வரை அந்த இயந்திரத்துக்குப் பணம் கட்டும் உன் மருத்துவ அட்டையைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், நீ எனக்குச் சொல்ல வேண்டாம் என்றாயாம். விமானம் நேற்றே போய்விட்டது. மூன்று பக்கமும் என் கைப்பையில்தான் இருக்கின்றன. சலோட்டேயிடம் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். இன்று காலை என்னோடு பேசினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவள் உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல்.