கரிப்பொடி அண்ணாச்சியின் அறுபதுக்கு நாற்பது

சங்கரன்கோவிலில் பிள்ளை பெற்றவர்களின் நிம்மதியைக் கெடுத்தவர்களை வரிசைப்படுத்தினால், முதல் பத்து இடமும் எங்கள் பக்கத்து வீட்டுக் கரிப்பொடி அண்ணாச்சிக்கே.

வடக்கே ஓர் இரும்பாலையில் ஊதுலைக்கு முன்னால் இருபது வருஷம் வெந்துவிட்டு வந்தவர். சுட்ட கரியான கோக்கை உலையில் கொட்டி மாளாது, சாதா நிலக்கரியைப் பொடித்துக் காற்றோடு உள்ளே ஊத வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் அந்தப் பொடி எரிந்து முடியுமுன்னே பறந்துவிடும். சீக்கிரம் பற்றும் துணை ஒன்று வேண்டும். சிரட்டைக்கரி, கடலைத்தோல், பனங்கொட்டை என்று அவர் இடித்துக் கலக்காத பொருள் இல்லை. கொல்லையில் ஒரு தகர டிரம் உலை, அதற்குள் போகும் குழாய், குழாய்மேல் பொடி டப்பா, காற்றடிக்க ஒரு மோட்டார்.

"அண்ணாச்சி, கொடியில துணி காயப் போட முடியல."

"எரியாமத் தப்பிச்ச கரிதான் டீச்சர் அதுல வந்து ஒக்காருது. வேட்டியக் குடுங்க, எம்புட்டுன்னு பாத்துட்டுத் தாரேன்."

என் கணவரின் வேட்டி பூதக்கண்ணாடிக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சர்ச் மணி அடித்தால் வேலையை நிறுத்தி ஜெபிப்பார். முதலில் பொடியை அடைப்பார், பிறகுதான் காற்றை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அறுபது பங்கு நிலக்கரிக்கு நாற்பது சிரட்டைக்கரி. புகையே இல்லை! அவர் துள்ளிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. காற்றை நிறுத்தினார், பொடியை மறந்தார். கண்மூடி ஜெபித்த நேரமெல்லாம் சூடான குழாயில் பொடி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆமென் சொல்லி சுவிட்சைப் போடவும், என் ஒன்பது வயது மகள் ஜெபா முந்திரிக்கொத்துத் தட்டோடு கொல்லைக் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

குழாயில் சேர்ந்த பொடி மொத்தமும் ஒரே ஊதலில் தீக்குள் போய் வெடித்தது. நாற்பத்தாறு வயதில் மதில் ஏறிக் குதித்தேன். எப்படி என்று இன்றும் தெரியாது. குழந்தையைத் தரையில் அமுக்கி, அவள்மேல் கவிழ்ந்து கிடந்தார் அண்ணாச்சி.

"ஏட்டி மக்கா, கண்ணு தெரியுதா? இது எத்தன வெரலு?"

"மூணு. மாமா, உங்க புருவத்தக் காணோம்!"

அவளுக்கு ஒரு கீறல் இல்லை. நான்தான் கத்தினேன்: "இனி அந்த மோட்டாரத் தொட்டீங்கன்னா போலீசுக்குப் போயிருவேன்!"

பண்டிகை முடிந்ததும் டிரம், குழாய், மோட்டார் எல்லாம் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏறின.

மூன்று மாதம் ஆகிறது. வேட்டிகள் வெள்ளையாகக் காய்கின்றன. ஜெபா தீக்குச்சி உரசினாலே ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுகிறேன். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் மத்தியான மணி அடிக்கும்போதெல்லாம், சத்தமே இல்லாத அந்தக் கொல்லையைப் பார்த்து வாய் தானாக முணுமுணுக்கிறது: "அண்ணாச்சி, மொதல்ல பொடிய அடைங்க."